வன உரிமைப் பட்டா: மனு எழுதுவதற்கு முன்பும் பின்பும்

மலையூர் ஒன்றில் "உங்க நிலத்துக்கு ஏதாச்சும் காகிதம் இருக்கா?" என்று கேட்டால், வீட்டுக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பை வரும். ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் அட்டை, யாரோ எழுதிக்கொடுத்த மனுவின் மங்கிய நகல், எப்போதோ வனத்துறைக்குக் கட்டிய அபராத ரசீது. கடைசியாகச் சொன்னதைக் காட்டும்போது மட்டும் குரல் தாழும். குற்றம் செய்ததற்கான அடையாளம் என்று நினைக்கிறார்கள். அது 2005 டிசம்பருக்கு முந்தையதாக இருந்தால், அந்தப் பையிலேயே வலுவான காகிதம் அதுவாகத்தான் இருக்கும். காரணத்தைச் சான்றுகள் பற்றிச் சொல்லும் இடத்தில் பார்க்கலாம்.

தமிழ்நாட்டு மலைகளில், காட்டில் வாழ்வோரின் நில, வன உரிமைகளை அங்கீகரிக்கும் வன உரிமைச் சட்டம் 2006-இன்கீழ் உரிமை கோரும் ஊர்களோடு புதிதாக வேலை செய்ய வருபவர்களுக்கானது இந்த வழிகாட்டி. படித்துவிட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள், வார்டு உறுப்பினர்கள், தொண்டு நிறுவனங்களின் களப்பணியாளர்கள் என யாரும் பயன்படுத்தலாம். சட்டம் 31.12.2007-இல் நடைமுறைக்கு வந்தது. விதிகள் 1.1.2008-இல் அறிவிக்கப்பட்டு 6.9.2012-இல் திருத்தப்பட்டன. தமிழ்நாட்டில் 2008-இல் வந்த நீதிமன்ற இடைக்கால உத்தரவால் பட்டா வழங்குவது பல ஆண்டு முடங்கிக் கிடந்தது. 2016-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது. அதனால்தான் பல ஊர்களில் இன்றும் முதல் படியிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. கையில் இருக்கும் விதிப் புத்தகம் 2012 திருத்தத்துக்குப் பிந்தையதா என்பதை முதலில் பாருங்கள். பழைய புத்தகத்தை வைத்துக் குழு அமைத்தால் எண்ணிக்கையே தப்பாகிவிடும்.

யார் கேட்கலாம்

கோருபவர் அந்தப் பகுதியில் பட்டியல் பழங்குடியாக அறிவிக்கப்பட்டவராக இருந்து, காட்டை நம்பி அங்கேயே வாழ்ந்து, 13.12.2005-க்கு முன்பே நிலத்தை அனுபவித்து வந்திருக்க வேண்டும். பழங்குடி அல்லாதவர் 'பிற பாரம்பரிய வனவாசி' என்ற வகையில் கேட்கலாம். ஆனால் அவர் அந்தத் தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு, காட்டை நம்பி அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் அது 1930 டிசம்பருக்குப் போகும்.

இங்கே இரண்டு இடங்களில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பழங்குடிப் பட்டியல் சில சமூகங்களுக்கு மாவட்ட வாரியாக இருக்கிறது. மலையாளி சமூகத்தார் சேலம், தருமபுரிப் பக்கம் பழங்குடி. ஈரோடு மாவட்டத்தின் பர்கூர், கடம்பூர் மலைகளில் அதே சமூகத்தாருக்குச் சான்றிதழ் கிடைப்பதில்லை. அங்கே 75 ஆண்டுக் கணக்கில்தான் மனு போட வேண்டும். இரண்டாவது, அந்த 75 ஆண்டு வசிப்புக்கானது. கோரும் அதே காட்டை 75 ஆண்டு உழுதிருக்க வேண்டும் என்று யாராவது மனுவைத் திருப்பினால், அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. நிலத்தின் அனுபவத்துக்கு எல்லோருக்கும் 13.12.2005 என்ற ஒரே தேதிதான்.

நிலம் வன நிலமாக இருக்க வேண்டும். காப்புக்காடு, வகைப்படுத்தப்படாத காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாமே சட்டத்தின் விளக்கத்துக்குள் வரும். "புலிகள் காப்பகத்தில் இந்தச் சட்டம் செல்லாது" என்று சொல்லக் கேட்பீர்கள். அது தவறு. சத்தியமங்கலத்துக்கு வடக்கே, கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன் மலைப் புலிகள் காப்பகத்தில் 2011-இலேயே சோளகர் ஊர்களுக்குச் சமூக உரிமை அங்கீகரிக்கப்பட்டது. வருவாய்ப் புறம்போக்கில் குடியிருப்பவருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவருக்கு நில ஒப்படை, வீட்டுமனைப் பட்டா வழி தனி. ஆகவே மனு எழுதும் முன் விஏஓவிடம் 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் என்ன வகைப்பாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். கூடலூர்ப் பக்கம் 1969-ஆம் ஆண்டின் ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலங்கள் (உரிமை முடிவாகாமல் கிடக்கும் குத்தகை நிலங்கள்) கலந்து கிடப்பதால், அங்கே இந்த வேலையை அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

எந்தக் கிராம சபை?

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் நடக்கும் ஊராட்சிக் கிராம சபையில் ஒரு தீர்மானம் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பதுதான் மிகப் பெரிய தவறு. ஓர் ஊராட்சியில் பதினைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். அதில் காட்டை ஒட்டிய பழங்குடி ஊர்கள் மூன்றோ நான்கோதான். அந்தச் சபையில் பழங்குடிகள் சிறுபான்மை. காட்டோடு தொடர்பே இல்லாதவர்கள் அவர்கள் உரிமையைத் தீர்மானிப்பார்கள். கோரமும் (கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) சேராது.

சட்டத்தின் 2(p) பிரிவு 'கிராமம்' என்பதற்குள் வன கிராமம், பழைய குடியிருப்பு, அளக்கப்படாத ஊர் ஆகியவற்றையும் சேர்க்கிறது, அவை கிராமமாக அறிவிக்கப்படாமல் இருந்தாலும். விதி 2ஏ-யின்படி அத்தகைய குடியிருப்புகளின் பட்டியலை ஊராட்சி தயாரித்து மேலே அனுப்ப வேண்டும். உங்கள் ஊர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இல்லையென்றால் ஊர்ப் பெயரைச் சேர்க்கச் சொல்லி, பெரியவர்கள் கையெழுத்தோடு ஊராட்சித் தலைவருக்கும் கோட்டாட்சியருக்கும் மனு கொடுங்கள். இதை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள். சபையே தப்பான சபை என்றால் அதன்மேல் கட்டும் எதுவும் நிற்காது.

இந்தச் சட்டத்துக்கான கிராம சபை, அந்த ஊரின் வயதுவந்தவர்கள் மட்டும் கூடும் ஊர் சபைதான். அதன் கோரம்: ஊரிலுள்ள வயதுவந்தவர்களில் பாதிப்பேர். வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள். 120 பேர் உள்ள ஊரில் குறைந்தது 60 பேர், அந்த 60-இல் குறைந்தது 20 பெண்கள். மனுக்கள்மீது தீர்மானம் போடும் கூட்டத்தில் மனுதாரர்களில் அல்லது அவர்கள் பிரதிநிதிகளில் பாதிப்பேர் இருந்தே ஆக வேண்டும். தேயிலைத் தோட்ட வேலைக்கும் திருப்பூருக்கும் ஆட்கள் போய்விடும் ஊர்களில் இது லேசான காரியமில்லை. ஊர்த் திருவிழாவுக்கு எல்லோரும் திரும்பும் வாரத்தில் தேதி வையுங்கள்.

தீர்மான நோட்டில் முதலில் எழுத வேண்டியது ஊரின் மொத்த வயதுவந்தோர் எண்ணிக்கை. அதை எழுதாமல் கையெழுத்து மட்டும் வாங்கினால், 'கோரம் இல்லை' என்று ஒரே வரியில் எல்லா மனுவையும் ஒதுக்கிவிட முடியும். கைநாட்டு வைப்பவர் பக்கத்தில் அவர் பெயரை எழுதி, எழுதியவரும் கையெழுத்துப் போட வேண்டும்.

வன உரிமைக் குழு

அந்தச் சபையிலேயே 10 முதல் 15 பேர் கொண்ட வன உரிமைக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 15 பேர் என்றால் 10 பழங்குடியினர், 5 பெண்கள். (மூன்றில் ஒரு பங்கு பழங்குடி போதும் என்பது 2012-க்கு முந்தைய விதி.) தலைவரையும் செயலாளரையும் குழு தீர்மானித்து, கோட்டாட்சியர் தலைமையிலான கோட்ட அளவிலான குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடிதத்துக்கு ஒப்புகை வாங்குங்கள்.

இருளர் ஊர்களில் மூப்பன், வண்டாரி, மண்ணுக்காரன் என்று பழைய பொறுப்புகள் உண்டு. எந்தக் காடு யாருடையது, எங்கே எல்லை மாறுகிறது என்பது அவர்களுக்கே நன்றாகத் தெரியும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகளை மட்டும் வைத்துக் குழு அமைத்தால் அந்த அறிவு வெளியே நின்றுவிடும். செயலாளர் படித்தவராக இருக்கட்டும். எல்லை சொல்லப் பெரியவர்கள் இருக்கட்டும். குழு உறுப்பினர் தன் நிலத்துக்கும் மனு போடலாம், ஆனால் அதைச் சரிபார்க்கும்போது அவர் விலகி நிற்க வேண்டும். விலகினார் என்று நோட்டிலும் எழுத வேண்டும்.

வனத்துறை வரைபடம், வருவாய் வரைபடம், வாக்காளர் பட்டியல் ஆகியவற்றை ஊர் சபைக்குத் தர வேண்டியது கோட்ட அளவிலான குழுவின் கடமை. படிவங்களும் இலவசம். படிவத்துக்குப் பணம் கேட்கும் தரகர்கள் ஊருக்குள் வந்தால் இதைச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள்.

மனுவும் சான்றும்

ஊர் சபை மனுக்களைக் கேட்டு அறிவித்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் மனு தர வேண்டும். தேவைப்பட்டால் காரணத்தை எழுதிவைத்துச் சபையே காலத்தை நீட்டிக்கலாம். தனிநபருக்கு ஏ படிவம், ஊரின் பொது உரிமைகளுக்கு பி படிவம், ஊர் காத்துவரும் காட்டுக்கு சி படிவம்.

ஏ படிவத்தில் குடியிருப்பு, சாகுபடி இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. பலர் வீட்டு நிலத்தை எழுதாமல் விடுகிறார்கள். ஏற்கெனவே வீடு கட்டியிருக்கிறோமே, அதற்கென்ன என்ற எண்ணம்தான் காரணம். சாகுபடி என்பதற்குள் களம், மாட்டுப்பட்டி, தானியம் வைக்கும் இடம், மரப்பயிர், சுழற்சியில் தரிசு விடும் காடு எல்லாம் வரும் என்று விதி 12ஏ சொல்கிறது. ராகியும் சாமையும் போட்டு மூன்று வருஷம் ஆறவிடும் மண்ணை "இப்போ பயிர் இல்லை" என்று விட்டுவிட வேண்டாம். உச்சவரம்பு 4 ஹெக்டேர், சுமார் 9 ஏக்கர் 88 சென்ட். அது வரம்புதான். அவரவர் அனுபவிக்கும் அளவுதான் கிடைக்கும். இல்லாத நிலத்தைச் சேர்த்து எழுதினால் உள்ள நிலத்தின்மீதும் சந்தேகம் வரும்.

கணவன் மனைவி இருவர் பெயரையும் எழுத வேண்டும். பட்டா கூட்டாகத்தான் வர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கணவனை இழந்த, கைவிடப்பட்ட பெண்கள் தாங்களே குடும்பத் தலைவராக மனு போடலாம். மாமனார் மனுவிலோ கொழுந்தன் மனுவிலோ அவர்கள் நிலத்தை ஒளித்துவைக்காதீர்கள். பின்னால் பிரிக்க வழியில்லாமல் போகும்.

விதி 13-இல் உள்ள சான்றுகளில் குறைந்தது இரண்டு வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. ரேஷன் கார்டும் வாக்காளர் அட்டையும் நீங்கள் அந்த ஊரில் வசித்ததைக் காட்டும். அந்தக் காட்டை உழுததைக் காட்டாது. இரண்டும் ஒரே வகையாக இருந்தால் மனு பலவீனமாகிவிடும். வசிப்புக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று என்று இணையுங்கள். நிலத்துக்கான சான்றாகக் கல் கட்டு, வரப்பு, சமன் செய்த மேடை, கிணறு, வீடு, மூதாதையரைப் புதைத்த இடம், சாமி கல் எல்லாம் ஏற்கத்தக்கவை. அபராத ரசீது இங்கேதான் பயன்படுகிறது. 1998-இல் ஒருவர் காப்புக்காட்டில் உழுததாக வழக்குப் போட்டு அபராதம் வாங்கினார்கள் என்றால், 1998-இல் அவர் அங்கே உழுதார் என்று வனத்துறையே எழுதித் தந்திருக்கிறது என்று பொருள். வருவாய்த்துறையின் பி-மெமோ (ஆக்கிரமிப்புக்கான அபராத நோட்டீஸ்) ரசீதும் அப்படியே. பயந்து கிழித்துப்போட்டவர்கள் நிறையப் பேர். வீடு வீடாகச் சொல்லித் தேடச் செய்யுங்கள்.

பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றுதான், ஆனால் அது மனுதாரர் அல்லாத வேறொருவருடையதாக இருக்க வேண்டும். "ரொம்ப காலமா உழறாங்க" என்று எழுதினால் பயனில்லை. தேதி தெரியாதவர்களிடம் சம்பவத்தை வைத்துக் கேளுங்கள். "சுனாமி வந்தப்போ அந்தக் காட்டுல என்ன நின்னுது?" சுனாமி 26.12.2004, கெடு தேதிக்கு ஒரு வருஷம்கூட இடைவெளி இல்லை. சத்தியமங்கலம் பக்கம் "வீரப்பன் செத்த வருஷம்" என்றால் 2004 அக்டோபர். இந்த ஒரு கேள்விக்கு வரும் பதிலை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, படித்துக்காட்டி, கைநாட்டு வாங்குங்கள்.

மனு வாங்கியதும் வன உரிமைக் குழு வரிசை எண்ணும் தேதியும் போட்ட ஒப்புகைச் சீட்டைத் தர வேண்டும். சீட்டு இல்லாத மனு பின்னாளில் 'வரவே இல்லை' என்றாகிவிடும்.

அளப்பது

நிலம் கையை விட்டுப் போவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான், அதுவும் யாரும் கவனிக்காமல். 50 சென்ட் நிலம் என்பது சுமார் 2,023 சதுர மீட்டர். ஏறக்குறைய 45 மீட்டருக்கு 45 மீட்டர். வேலி முள்ளாக இருக்கிறது என்று நான்கு பக்கமும் 5 மீட்டர் உள்ளே தள்ளி ஜிபிஎஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நடந்தால் 35-க்கு 35, அதாவது 30 சென்ட்தான் பதிவாகும். இருபது சென்ட் போச்சு. ஆகவே வரப்பின் மேலேயே நடக்க வேண்டும். மரத்தடியில் கருவி துல்லியமாகக் காட்டாது. ஒவ்வொரு மூலையிலும் இரண்டு மூன்று நிமிடம் அசையாமல் நின்று, காட்டும் பிழை குறைந்த பிறகே புள்ளியைப் பதியுங்கள். மூலைகளுக்கு இடையே கயிறோ டேப்போ பிடித்து ஒருமுறை சரிபாருங்கள்.

எழுதும்போது இன்னொரு கண்ணி. 11.50 டிகிரி என்பது 11 டிகிரி 30 நிமிடம். அதை 11 டிகிரி 50 நிமிடம் என்று நிரப்பினால் நிலம் காகிதத்தில் 37 கிலோமீட்டர் வடக்கே போய்விடும், வேறு மாவட்டத்துக்கே போனாலும் போகலாம். ஏக்கரை ஹெக்டேராக மாற்றும்போது 2.47-ஆல் வகுக்க வேண்டும். 2 ஏக்கர் என்பது 0.81 ஹெக்டேர். வரைபடத்தில் ஓடை, பாறை, கோயில், புளியமரம் என்று கண்ணால் காணும் அடையாளங்களைக் குறியுங்கள். நான்கெல்லையில் யார் நிலம் என்பதையும் எழுதி, பக்கத்து நிலக்காரர்களிடம் கையெழுத்து வாங்குங்கள்.

குழு நிலத்தைப் பார்க்கப்போகும் நாளை மனுதாரருக்கும் வனத்துறைக்கும் வருவாய்த்துறைக்கும் முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வரும் வனவரும் வருவாய் ஆய்வாளரும் பதவி, தேதி, கருத்தோடு கையெழுத்திட வேண்டும். வராமல் போனால்? முதலில் கொடுத்த கடிதத்தின் ஒப்புகையை வைத்துக்கொண்டு மறுதேதி கொடுங்கள். மறுபடியும் வராவிட்டால் கள ஆய்வு பற்றி ஊர் சபை எடுக்கும் முடிவே இறுதி என்கிறது விதி 12ஏ. "செயற்கைக்கோள் படத்தில் பயிர் தெரியவில்லை" என்பது மட்டும் நிராகரிக்கக் காரணமாகாது. அந்தப் படம் மற்ற சான்றுகளுக்குத் துணையாகலாம், அவற்றுக்கு மாற்றாகாது. மரங்களுக்கு நடுவே மிளகும் காப்பியும் வளர்க்கும் நிலம் மேலிருந்து காடாகத்தானே தெரியும்!

தீர்மானம், மேல் குழுக்கள், மேல்முறையீடு

ஆய்வு அறிக்கையை வைத்து ஊர் சபை மறுபடியும் கூடித் தீர்மானம் போட வேண்டும். "வரப்பெற்ற மனுக்கள் பரிசீலித்து ஏற்கப்பட்டன" என்ற ஒற்றை வரித் தீர்மானம் ஆபத்தானது. மனு எண், கணவன் மனைவி பெயர், குடியிருப்புப் பரப்பு, சாகுபடிப் பரப்பு, பார்த்த சான்றுகள், ஆய்வு நாள் என ஒவ்வொரு மனுவுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். கை வலிக்கும், ஆனாலும் எழுதுங்கள். முழுக் கோப்பையும் இரண்டு செட் நகல் எடுத்து, அசலை அனுப்பும் முன் ஒரு செட்டை ஊரிலேயே வையுங்கள்.

கோப்பு கோட்டாட்சியர் தலைமையிலான கோட்டக் குழுவுக்கும், அங்கிருந்து ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழுவுக்கும் போகும். இரண்டிலும் வருவாய், வன, பழங்குடியினர் நல அலுவலர்களோடு உள்ளாட்சி உறுப்பினர்கள் மூவர் இருக்க வேண்டும். அவர்களில் இருவர் பழங்குடியினர். மேல் குழுவுக்கு உடன்பாடு இல்லையென்றால் நேரடியாகத் தள்ளிவிடக் கூடாது. காரணம் எழுதி ஊர் சபையின் மறுபரிசீலனைக்கு அனுப்ப வேண்டும். ஊர் சபை 30 நாளில் கூடிப் பதில் தர வேண்டும்.

நிராகரிப்பு மனுதாரர் கையில் நேரடியாக, காரணத்தோடு தரப்பட வேண்டும். ஊராட்சி அலுவலகச் சுவரில் பட்டியல் ஒட்டினால் போதாது. கையில் கிடைத்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்; தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள் கிடைக்கும். கோட்டக் குழுவுக்குப் போகாமல் நேரே மாவட்டக் குழுவுக்குப் போக முடியாது. வாங்கிய தேதியைக் கையெழுத்துக்குக் கீழே நீங்களே எழுதுங்கள், கணக்கு அதிலிருந்துதான்.

நடைமுறை முழுவதும் முடியும்வரை யாரையும் வெளியேற்றக் கூடாது என்பது 4(5) பிரிவு. 13.2.2019-இல் மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றமே, நிராகரிப்புகள் எப்படி நடந்தன என்ற கேள்வி எழுந்ததும் 28.2.2019-இல் அந்த உத்தரவை நிறுத்திவைத்தது. முறையில்லாத நிராகரிப்பைக் கேள்வி கேட்காமல் விடக் கூடாது என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

பட்டா கைக்கு வந்தால்

மேடையில் வாங்கியதும் பிரித்துப் படியுங்கள். இருவர் பெயரும் இருக்கிறதா, பரப்பு தீர்மானத்தோடு ஒத்துப்போகிறதா, நான்கெல்லை எழுதியிருக்கிறதா, ஆட்சியர், மாவட்ட வன அலுவலர், பழங்குடியினர் நல அலுவலர் மூவரும் கையெழுத்திட்டிருக்கிறார்களா? மூன்று ஏக்கர் கேட்ட இடத்தில் நாற்பது சென்ட் வந்திருந்தால், அது பகுதி நிராகரிப்பு. அதற்கும் காரணம் கேட்டு மேல்முறையீடு செய்யலாம். இந்த உரிமை வாரிசுகளுக்குப் போகும். விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ முடியாது. குத்தகை என்ற பெயரில் வெளியாள் வெற்றுத்தாளில் கையெழுத்து கேட்டால் மறுக்கச் சொல்லுங்கள். வருவாய், வனப் பதிவேடுகளில் மூன்று மாதத்துக்குள் இதைச் சேர்க்க வேண்டும். சேர்த்த பதிவின் நகலைக் கேட்டு வாங்கும்வரை வேலை முடியவில்லை.

ஊரின் காடு

ஏ படிவத்தோடு நின்றுவிடும் ஊர்களே அதிகம். அது பெரிய இழப்பு. தேன், கடுக்காய், நெல்லி, சீயக்காய், சீமாறு புல் எடுப்பது, மாடு மேய்ப்பது, கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் போகும் பாதை எல்லாம் பி படிவத்தில் கோர வேண்டியவை. சி படிவம் அதற்கும் மேலே. ஊர் காலங்காலமாகப் பயன்படுத்திக் காத்துவந்த காட்டைத் தொடர்ந்து காக்கவும் நிர்வகிக்கவும் உரிமை தருவது அது. மகாராஷ்டிராவின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு ஊர் 2009-இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு இந்த உரிமையைப் பெற்றது; தன் மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் நிலைக்கு வந்தது. இதற்கு 4 ஹெக்டேர் வரம்பு கிடையாது.

சி படிவத்துக்கான எல்லையை அலுவலகத்தில் உட்கார்ந்து வரைய முடியாது. தேன் எடுப்பவர், மாடு மேய்ப்பவர், கிழங்கு தோண்டும் பெண்கள், பூசாரி எல்லோரையும் கூட்டிக்கொண்டு இரண்டு மூன்று நாள் நடக்க வேண்டும். பெண்களைத் தனியாகவும் ஒருமுறை கேளுங்கள். கிழங்கும் கீரையும் எங்கே கிடைக்கும் என்பது ஆண்கள் வரையும் படத்தில் விட்டுப்போகும். பக்கத்து ஊரின் எல்லையும் இதே காட்டில் வந்தால் இரண்டு ஊர்க் குழுக்களும் சேர்ந்து உட்கார்ந்து, எது யாருக்கு, எது பொது என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அந்த உடன்பாட்டை எட்டாமல் மனுவை மேலே அனுப்பாதீர்கள். இரண்டு ஊர் மனுவும் சேர்ந்தே கிடப்பில் போகும். பட்டா வந்ததும் விதி 4(1)(e)-யின்படி காட்டைக் காக்கும் குழுவை ஊர் சபை அமைக்கலாம். தேன் எந்த மாதம் எடுப்பது, எந்த ஓடைக்கரையில் மாடு விடக் கூடாது என்று அந்தக் குழு போடும் முதல் விதிகளை, பட்டா நகல் இருக்கும் அதே நோட்டிலேயே எழுதிவையுங்கள்.